காது அக்காவின் கம்ப்யூட்டர்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் காது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலர் உதட்டைப் பிதுக்குவார். அறுவை சிகிச்சை முடிந்த கையோடு டாக்டர்கள் சின்ன ரெக்கார்டரில் பேசி வைப்பதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். முன்பாதத்தால் அழுத்தினால் பேச்சு ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

டாக்டர்களில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். இன்னொருவர் லிஃப்டில் ஏறிக்கொண்டே பேசுவார், பாதி வாக்கியம் கதவோடு போய்விடும். எலும்பு டாக்டர், வார்த்தையை வெளியே விட்டால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல வாய்க்குள்ளேயே மென்றுவிடுவார். புரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போகலாம் என்பது விதி. மற்றவர்கள் தாராளமாகக் கோடு போட்டார்கள். காது அக்கா மூன்று முறை, நான்கு முறை பின்னால் ஓட்டிக் கேட்பாள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் தாளை எடுத்துக்கொண்டு மாடியேறி டாக்டர் அறை வாசலில் போய் நிற்பாள்.

"டாக்டர், இதுல வலது முட்டின்னு சொல்லியிருக்கீங்க. கட்டு எந்த முட்டியில?"

எலும்பு டாக்டர் தாளைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், "இடது" என்பார். நன்றி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் தன் பதிவுகளை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்.

வீட்டில் அவள் காதுக்கு வேறு வேலை இருந்தது. அவள் கணவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். தெருவுக்கே அவர் டிரைவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்த ரேசர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம் தளர்ந்து போயிற்று. இப்போது கைத்தடியோடு நடப்பார், பக்கத்தில் ஆள் வேண்டும். அறிவில் ஒரு குறையும் இல்லை. பேச்சுதான் குளிர்காலத்து வண்டி மாதிரி, கிளம்ப நேரம் எடுக்கும். குரலும் மெலிந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் கதவுக்கு இந்தப் பக்கம் வராது.

"அவர் பேசும்போது நீங்க முடிச்சு வைக்காதீங்க. காத்துக்கிட்டு இருங்க" என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா சொல்லியிருந்தார். காது அக்கா அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். பால்காரரிடம் சொன்னாள், எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னாள். தான் மட்டும் அதைச் செய்ய மறந்துகொண்டே இருந்தாள். வேலைக்குப் போகிற அவசரம், அடுப்பில் பால், கையில் மாத்திரை. அவர் "தண்..." என்பதற்குள் தம்ளர் வந்துவிடும்.

பகல் நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டது அவருடைய தங்கை. இரண்டு தெரு தள்ளி இருந்து வந்து, இரண்டு மாடி ஏறி, எட்டு மணிநேரம் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போவாள். நாத்தனாரின் வாய்க்குப் பூட்டுச் செய்யும் ஆசாரி இன்னும் பிறக்கவில்லை. ஆனால் கை சுத்தம், வேலை சுத்தம். அவள் இருக்கும்வரை டிரைவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை. இப்போது அவளுக்கே இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் அறுவை சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"இந்த வாரத்தோட சரி அண்ணி. அதுக்கு மேல ஏறணும்னா என்னைக் கயிறு கட்டித்தான் தூக்கணும்."

"உன்னைத் தூக்குற கயிறு இன்னும் வரல" என்றார் டிரைவர். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று. நாத்தனார் அரை நிமிஷமும் பொறுமையாக நின்று கேட்டுவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் திட்டினாள்.

பட்ட காலிலே படும் என்பார்கள். அதே வாரம் ஆஸ்பத்திரியும் கீழ்த்தளத்து அறையை மூடப்போவதாக அறிவித்தது. அடிப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஊர்க்கோடியில் இருக்கும் புதுக் கட்டடத்துக்கு மாற்றம், போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். இன்னொன்று, சொந்தக் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே அடிப்பது. இதற்குத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மணி நேரப் பரீட்சை. வீட்டில் உட்கார்ந்தபடியே எழுத வேண்டும். நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் தேர்வும் நின்றுபோகும். இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

காது அக்காவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து அடித்தால் டிரைவர் பக்கத்திலேயே இருக்கலாம், சம்பளமும் வரும். இல்லையென்றால் அவருக்குக் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலியைக் கொடுத்தபின் சம்பளத்தில் மிஞ்சுவது பஸ் டிக்கெட். கையில் இருந்ததோ பதினாறாயிரம். தூரத்து ஊரில் மகள் இருந்தாள், கைக்குழந்தையோடும் வீட்டுக் கடனோடும். கேட்டால் கொடுப்பாள். அதனாலேயே கேட்கக் கூடாது.

அடிப்பவர்களின் மேற்பார்வை அம்மா கொடுத்த தாளில் கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மெமரி எட்டுக்குக் குறையக் கூடாது, அது இது என்று ஏழு வரி. எட்டாவது வரியைக் காது அக்காவே பென்சிலால் சேர்த்துக்கொண்டாள்: சத்தம் போடக் கூடாது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு அடிப்பதாக அவள் திட்டம். ஒரு காது டாக்டருக்கு, ஒரு காது டிரைவருக்கு. அவருடைய மெலிந்த குரலுக்கும் தன் காதுக்கும் நடுவில் வேறு எந்தச் சத்தமும் குறுக்கே நிற்கக் கூடாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அவரிடம்.

வேலை விட்டு வரும் வழியில் முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்கு. டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார்.

"கேம் விளையாடுவீங்களா மேடம்?"

"என் வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிடாம ஏமாத்துவாரு, அந்த விளையாட்டுதான். பதினாறுக்குள்ள என்ன இருக்கு?"

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. ஓர் ஓரத்துக்குக் கூட்டிப்போய் விளையாட்டுப் பொருள் மாதிரி ஒரு புது லேப்டாப்பைக் காட்டினார். நிறம் நன்றாக இருந்தது. எடையும் இல்லை. காது அக்கா நின்றபடியே ஒரு பத்தி அடித்துப் பார்த்தாள். விரல் வாக்கியத்தின் முற்றுப்புள்ளியில் இருந்தது, எழுத்து இன்னும் மூன்றாவது வார்த்தையில் நொண்டிக்கொண்டிருந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு அது வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

"யாருமே இவ்வளவு வேகமா அடிக்க மாட்டாங்க மேடம்" என்றார் விற்பனையாளர், குற்றம் அவள்மேல் என்பதுபோல.

"அப்ப மெதுவா அடிக்கிறவங்களாப் பார்த்து வித்துக்கோங்க."

மெமரி நாலுதான், எட்டு வேண்டுமானால் இருபத்தாறாயிரம் ஆகும் என்றார். மாதத் தவணை உண்டு என்றார். தேநீர்கூடத் தருவதாகச் சொன்னார். அவள் தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்தாள்.

பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடை ஒன்று மருந்துக் கடைக்கு நாலு வாசல் தள்ளி இருந்தது. அதை வைத்திருந்தவரைத் திருகாணி என்றுதான் அந்தத் தெருவில் சொல்வார்கள். எதைக் கழற்றினாலும் திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்வார், அப்படியே வாடிக்கையாளரிடம் பேசவும் செய்வார். கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் உபயோகித்துவிட்டுத் தள்ளும் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கித் துடைத்து விற்பது தொழில். திரும்பக் கொண்டுவர ஏழு நாள் அவகாசம் கொடுப்பார். புதிதில் கிடைக்காதது பழசில் கிடைக்கும் என்று சொன்னவர் அவர்தான். காது அக்கா சனிக்கிழமை காலையில் வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை நாத்தனார் இல்லை. டிரைவரைத் தனியே விட முடியாது, கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு மாடி இறங்க இருபத்திரண்டு நிமிஷம். கைத்தடி முதலில், பலமில்லாத கால் அடுத்து, பலமான கால் கடைசியில். அவள் ஒரு படி கீழே நின்று, விழுந்தால் தாங்க முழங்காலை முட்டுக்கொடுத்து இறங்கினாள். டிரைவருக்கோ கல்யாணத்துக்குப் போகிற முகம். சட்டை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, வாடகை வண்டியில் முன் இருக்கையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து, வண்டி ஓட்டியவரின் கியர் மாற்றும் லட்சணத்தைப் பார்த்து வழி முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

திருகாணி அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். "வாங்க டிரைவர் சார். உங்க பஸ்ஸுல ஸ்கூலுக்குப் போன ஆளு நானு. ஓடி வந்தா நிறுத்தவே மாட்டீங்க."

"நீ... லேட்டு" என்றார் டிரைவர்.

மேசைமேல் மூன்று வைத்தார். முதலாவது பெட்டி மாதிரியான மேசைக் கம்ப்யூட்டர். "இதே காசுக்கு இதுதான் உறுதிக்கா. எது போனாலும் மாத்திக்கலாம்." ஆனால் பெட்டியை வைக்க வீட்டில் ஒரு மூலைதான் உண்டு, அங்கே உட்கார்ந்தால் சுவரைத்தான் பார்க்கலாம். அவளுக்குக் கூடத்து நடுவில், கட்டிலில் இருப்பவரின் காலாவது கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும். லேப்டாப்தான்.

இரண்டாவது, தடித்த கறுப்பு லேப்டாப். மூடியில் கீறல். பாதி எழுத்துகள் தேய்ந்து விசைகள் மொட்டையாக இருந்தன. விலை பன்னிரண்டு. திறந்த ஐந்து நிமிஷத்தில் உள்ளே இருந்த ஃபேன் ஊதத் தொடங்கியது. மூன்றாவது மெலிசு, வெள்ளி நிறம், விலை பதினைந்து. அதிலிருந்து ஒரு சின்ன மூச்சுக்கூட வரவில்லை.

காது அக்கா கைப்பையிலிருந்து ஹெட்போனையும் ஒரு பென் டிரைவையும் எடுத்தாள். நோயாளிகளின் விவரத்தை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக் கொண்டுவரக் கூடாது. அதனால் சோதிப்பதற்கு நாத்தனார் திட்டியதைச் செல்பேசியில் பிடித்து ஏற்றி வந்திருந்தாள். எந்த டாக்டரும் அவ்வளவு வேகமாகப் பேசியதில்லை. அவள் அடிக்க அடிக்க, திருகாணி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"'நேத்து மாத்திரைய முழுங்கிட்டேன்னு சொல்லிட்டு தலகாணி உறைக்குள்ள போட்டு வெச்சிருக்காரு அண்ணி, துவைக்க எடுத்தா ஒன்பது மாத்திரை கொட்டுது, நான் என்ன மாத்திரை மரமா நட்டு வெச்சிருக்கேன்...' ஐயோ டிரைவர் சார்!"

டிரைவர் மிகுந்த அக்கறையோடு சுவரிலிருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி லேப்டாப்பில் எழுத்து விரலோடு கூடவே வந்தது. ஆறு நிமிஷம் அடித்தாள், ஒரு தடங்கலும் இல்லை. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதை அதன்மேல் வைத்துக் கேட்டாள். பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

டிரைவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, இடது கையை அந்த லேப்டாப்பின் அடியில் கொடுத்தார். பழைய பஸ்ஸை எடுக்குமுன் இஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கறுப்பு லேப்டாப்பின் பக்கவாட்டில் கை வைத்தார். அங்கிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது.

"அது... வேணாம். அது மூச்..."

"மூச்சு விடற சத்தம்கூட இல்ல, அதுதான் வேணும் எனக்கு" என்றாள் காது அக்கா. "உங்க பஸ்ஸு மாதிரி கடகடன்னு இருந்தாத்தான் உங்களுக்கு வண்டி. இதையே குடுங்க தம்பி."

டிரைவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். திருகாணி, தானே பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அது பொய்யுமில்லை. பத்து நிமிஷம் ஓடியது நிஜம்தான்.

மத்தியானம் வீட்டில், கூடத்து நடுவில் மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெடலை இணைத்தாள். டிரைவரின் பாதம் தெரிந்தது. அவர் இருமினால் கேட்டது. இனிமேல் அவர் எப்போது கூப்பிட்டாலும் கேட்கும் என்று நாத்தனாரின் திட்டை இரண்டாம் முறையாக அடிக்கத் தொடங்கினாள். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் திரை கறுத்தது. பட்டென்று, சொல்லாமல் கொள்ளாமல். கை வைத்தால் அடிப்பகுதி தோசைக்கல்லாகச் சுட்டது. ஆறவிட்டுத் திறந்தாள், இருபது நிமிஷம். மறுபடி ஆறவிட்டாள், பதினேழு நிமிஷம். பரீட்சை அறுபது நிமிஷம்.

மூச்சே விடாத ஒன்றை அமைதி என்று எடுத்துக்கொண்டாள் அவள். நோயாளியாக இருந்திருந்தால் அந்தத் தப்பை அவள் செய்திருக்கவே மாட்டாள்.

நாத்தனாரிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"ஈரத்துணிய நாலா மடிச்சு அடியில போடுங்க அண்ணி. காய்ச்சலுக்கு அதான்."

"கம்ப்யூட்டர்டி இது! தண்ணி பட்டா போச்சு."

"சரி, அப்ப விசிறி விடுங்க. நான்தான் வந்து விசிறணும், முட்டி இருந்தா வந்திருப்பேன். எங்க அண்ணன் என்ன சொல்றாரு?"

காது அக்கா கட்டிலைப் பார்த்தாள். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. கடையை விட்டு வந்ததிலிருந்தே சொல்லவில்லை.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பலமில்லாத கையை எடுத்து, வழக்கம்போல விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிவிட்டபடி, "கடையில என்னவோ சொல்ல வந்தீங்களே. என்ன அது?" என்றாள்.

"மூச்சு... விடல. உள்ள... ஃபேன்... ஓடல."

"அதை அங்கேயே முழுசா சொல்றதுதானே?"

"நீ... விட்டாத்தானே."

அவள் சுண்டுவிரலை இரண்டு முறை அதிகமாக நீட்டி மடக்கினாள்.

திருகாணி ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. செய்தி போனதும் காலை ஒன்பதுக்கே, தோளில் ஒரு பையோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கூடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து வெள்ளி லேப்டாப்பைக் கவிழ்த்தார். திருகாணிகள் ஒவ்வொன்றாக உதட்டுக்குப் போயின. மூடியைத் தூக்கியதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஃபேன் வயரைப் பிடுங்கி விட்டிருக்கான் அக்கா. முன்னாடி வெச்சிருந்தவன் வேலை. சத்தம் தாங்காம பிடுங்கியிருக்கான்." வயரை மாட்டிப் பார்த்தார். ஃபேன் சுற்றியது. சுற்றிய வேகத்தில் ஆடி, கரகரவென்று இரும்புக் கடையே வீட்டுக்குள் வந்ததுபோல் கத்தியது. டிரைவர் கட்டிலிலிருந்தே, "அதான் பிடுங்..." என்று தொடங்கினார். காது அக்கா கையைத் தூக்கித் திருகாணியைப் பேசாமல் இருக்கச் செய்தாள். "...கிட்டான்" என்று அவர் முடிக்கும்வரை வீடே காத்திருந்தது.

புது ஃபேன் வரவழைக்க ஒரு வாரம் ஆகும். நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. திருகாணி தலையைக் குனிந்துகொண்டே பையிலிருந்து அந்தக் கறுப்பு லேப்டாப்பை எடுத்து வைத்தார். "இதை வெச்சுக்கங்க. மிச்சக் காசும் கொண்டாந்திருக்கேன். இதை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கேன் அக்கா, இது நிக்காது."

"நிக்காது. ஆனா ஊதுமே."

ஊதத்தான் செய்தது. அவள் ஒரு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, டிரைவரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் கூப்பிட்டார். உதடு அசைந்திருக்கும், அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடி. மூன்றாம் முறை அவர் இருமினார், அது மட்டும் கேட்டது. காது அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா?" என்றார் டிரைவர்.

"நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் அந்த ஊமையைத் தேடித் தேடி வாங்கினேன்." சொல்லிவிட்டாள். சொன்னபின் எழுந்துபோய்ச் சமையலறையில் தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினாள்.

அவள் திரும்பி வரும்போது இரண்டு ஆண்களும் எதையோ பேசி முடிவு செய்திருந்தார்கள். டிரைவர் இடது கையால் காற்றில் கயிறு இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல... இஞ்சின் கத்தும். ஆளுங்க கத்துவாங்க. கண்டக்டர்... கத்தினா கேக்காது. மணி அடிப்பான்." மூச்சு வாங்கினார். யாரும் குறுக்கே பேசவில்லை. "ஒண்ணு... நிறுத்து. ரெண்டு... போ."

"மணி வேணாம் சார், அக்கா காதுல டாக்டர் இருப்பாரு" என்றார் திருகாணி. "கண்ணுக்குத் தெரியற மாதிரி பண்ணிடலாம்." கீழே இறங்கிப் போய், கடையைத் திறந்து, அரை மணியில் வந்தார். அழைப்பு மணிக்கு வைக்கிற அழுத்து சுவிட்ச் ஒன்று, நீளமான ஒயர், விரல்நுனி அளவு சிவப்பு பல்பு. ஒயரைச் சுவரோரமாக, யார் காலும் தடுக்காதபடி ஆணியடித்துக் கொண்டுபோனார். பல்பு லேப்டாப் திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. எவ்வளவு காசு என்று அவள் கேட்டதற்கு, உதட்டில் திருகாணி இருப்பதாகச் சைகை காட்டிவிட்டு, பேசாமல் போய்விட்டார்.

சுவிட்ச் கைக்கு வந்ததிலிருந்து டிரைவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு சாயங்காலத்துக்குள் முப்பது முறை ஒற்றை விளக்குப் போட்டு அவளை ஓடவைத்தார். "சும்மா... செக்கிங்" என்றார். முப்பத்தோராம் முறை அவள் சுவிட்சைப் பிடுங்கி அலமாரி உச்சியில் வைத்துவிடுவதாகச் சொன்னபின்தான் அடங்கினார்.

திங்கட்கிழமை எல்லாம் முன்கூட்டியே முடித்தாள். குளியல், உணவு, மாத்திரை, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியில் ஒளிந்திருக்கிறதா என்ற சோதனை, கழிவறை. ஒன்பதே முக்காலுக்குச் சிறுநீர்க் குடுவையைக் கட்டிலின் இடது பக்கம் வைத்தாள். பத்துக்கு மேற்பார்வை அம்மாவின் முகம் திரையில் வந்து, "தொடங்கலாம்" என்று சொல்லி மறைந்தது.

மூன்று பதிவுகள். முதலாவது குழந்தை டாக்டர், தெளிவான குரல், கல்லில் வெட்டியதுபோல. இரண்டாவதில் யாரோ ஒருவர் பின்னால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கை கழுவியபடி பேசினார். குதிகாலை அழுத்தி அழுத்திப் பின்னால் போனாள். கறுப்பு லேப்டாப் பக்கத்தில் ஊதிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்துக்கு அப்புறம் அது ஊதுவதே அவளுக்குத் தெரியவில்லை. முப்பதாவது நிமிஷம் தாண்டியது, திரை கறுக்கவில்லை.

முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் சிவப்பு பல்பு எரிந்தது. ஒன்று.

அவள் விரல்கள் நின்றன. செக்கிங்காக இருக்கும் என்று நினைத்தாள். பல்பு அணைந்தது. மறுபடி எரிந்தது, அணையவேயில்லை. இன்னும் மூன்றாவது பதிவு முழுசாகக் கிடந்தது. அந்த விளக்கைக் கண்டுகொள்ளாமல் இருக்க அவளால் ஐந்து வினாடிதான் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

டிரைவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். "வயிறு... கலக்குது. அடக்கி... பார்த்தேன். நீ... பரீட்சை..."

"பரீட்சையாவது மண்ணாவது. படுக்கை நனைஞ்சா யாரு துவைக்கிறது? காலைப் பின்னால இழுங்க. மூக்கு என் தோளுக்கு மேல வரட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு."

எழுப்பி, நடத்தி, உட்காரவைத்து, காத்திருந்து, கழுவித் துடைத்து, மறுபடி நடத்தி, கட்டிலில் சாய்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஒன்பது நிமிஷம் போயிருந்தது. மிச்சம் பதின்மூன்று. மூன்றாவது பதிவு யாரோ ஒரு புது டாக்டர், பயந்து பயந்து, ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தார். காது அக்கா அடித்த அடியில் மேசையிலிருந்த தம்ளர் தண்ணீர் ஆடியது. பதினோரு மணிக்குத் திரை தானாகவே மூடிக்கொண்டபோது கடைசி வரியில் ஒரு மருந்தின் பெயர் பாக்கி இருந்தது. அந்த இடத்தில், இருபத்தாறு வருஷத்தில் அபூர்வமாக, ஒரு கோடு போட்டிருந்தாள்.

மத்தியானம் மேற்பார்வை அம்மா தொலைபேசியில் வந்தார்.

"முப்பத்தெட்டுல இருந்து நாப்பத்தேழு வரைக்கும் ஒரு எழுத்துகூட விழலயே. கம்ப்யூட்டர் நின்னுடுச்சா?"

"கம்ப்யூட்டர் நிக்கல. நான்தான் எழுந்து போனேன். அவருக்குக் கழிவறைக்குப் போகணும்." பொய் சொல்லத் தோன்றவில்லை. சொன்னாலும் இன்னொரு நாள் மாட்டிக்கொள்ளும். "இனிமேலும் போவேன் மேடம். தினமும் மூணு நாலு தடவை இருக்கும். அது ஒத்து வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஒரு கோடு. தப்பு ஒண்ணும் இல்ல. எழுந்து போகாதவங்களுக்குப் பதினாலு கோடு இருக்கு." மேற்பார்வை அம்மா பெருமூச்சு விட்டார். "பக்கத்துக்குத்தான் காசு, நிமிஷத்துக்கு இல்ல. சாயங்காலம் ஆறுக்குள்ள என் கைக்கு வந்துடணும். நடுவுல நீங்க எங்க போனா எனக்கென்ன? நாளைக்கு எட்டு மணிக்குப் பத்தொன்பது ஃபைல் வரும்."

காது அக்கா தொலைபேசியை வைத்தாள். மேசைப்பக்கம் திரும்பியபோது சிவப்பு பல்பு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு ஓடினாள்.

டிரைவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் சுவிட்சின்மேல் அழுந்தியபடி கிடந்தது. அவள் மூச்சைக் கவனித்தாள், சீராக இருந்தது. விரலைப் பிரித்துச் சுவிட்சைத் தலையணைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். தலையணை உறைக்குள் கை விட்டுப் பார்த்தாள். ஒரு மாத்திரை இருந்தது. அதை எடுத்து முந்நூறு முறை சொன்னதை மனசுக்குள் முந்நூற்றோராம் முறை சொல்லிக்கொண்டு, அவர் எழுந்தபின் வேலை, மாத்திரை இரண்டு செய்தியையும் சேர்த்தே சொல்லலாம் என்று, காலையில் நனைத்த துணிகளை அலசப் போனாள்.